உரைபெயர்ப்பாளரின் காது

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு நாள் கூட்டத்துக்கு உடனடி உரைபெயர்ப்பு வசதி வேண்டுமென்று விலைமதிப்புக் கேட்டால், வந்து சேரும் தாளில் ஏழெட்டு வரிகள் இருக்கும்: ஹெட்ஃபோனோடு ரிசீவர்கள், டிரான்ஸ்மிட்டர், குரலை ஒளியாக்கி மண்டபத்தில் பரப்பும் அகச்சிவப்புப் பேனல்கள், உரைபெயர்ப்பாளரின் மேசைக் கருவி, அவர் உட்கார்ந்து பேசும் மூடிய கூண்டான பூத், உரைபெயர்ப்பாளர் இருவர், ஒரு டெக்னீஷியன், கொழும்பிலிருந்து வேன் கூலி. மொத்தத் தொகையைப் பார்த்ததும் ஏற்பாட்டாளரின் பேனை பூத் என்ற வரியில் போய் நிற்கும். அதை வெட்டிய பிறகும் கட்டுப்படியாகவில்லை என்றால் உரைபெயர்ப்பாளர் இருவர் ஒருவராவார். ரிசீவர்களின் எண்ணிக்கையில் மட்டும் யாரும் கைவைப்பதில்லை. அது சபைக்குத் தெரிகிற பொருள், புகைப்படத்தில் விழுகிற பொருள். வந்தவர் கையில் ஒன்றைக் கொடுத்தால்தான் அவருடைய மொழிக்கு மரியாதை செய்ததாக ஆகும். வெட்டெல்லாம் மறுமுனையில் விழுகிறது, கேட்டுக்கொண்டே பேசவேண்டிய அந்த ஓர் ஆளின் காதில்.

கையில் காசில்லாததால் மட்டும் வந்த பழக்கமென்று இதைச் சொல்லிவிட முடியாது. இந்தக் கருவிகளைச் செய்து விற்ற நிறுவனங்களின் ஏறக்குறைய நூறு வருட வரலாற்றைப் புரட்டினால் அங்கேயும் இதே வரிசைதான். கேட்பவர் காதுக்கு வேண்டியது முதலில் வந்தது. உரைபெயர்ப்பாளர் காதுக்கு வேண்டியது கடைசியில் வந்தது. அந்த வரலாறு தெரிந்தவர் விலைமதிப்புத் தாளை வேறு விதமாக வாசிப்பார்.

ஜெனீவாவில் ஒரு தொலைபேசி

எட்வர்ட் ஃபைலீன் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பெரிய கடை வைத்திருந்தவர். 1907இல் இந்தியாவுக்கு வந்து, கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பார்த்துவிட்டுப் போய், தன் நாட்டில் கடன் சங்க இயக்கத்தைக் கட்டி எழுப்பியவரும் அவர்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெனீவாவில் சர்வதேச மாநாடுகள் பெருகின. ஒருவர் ஆங்கிலத்தில் பேசி முடித்ததும் இன்னொருவர் எழுந்து முழுவதையும் பிரெஞ்சில் சொல்வார். அதுவரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஒரு மணி நேரப் பேச்சு இரண்டு மணி நேரமாகும். பேச்சாளர் பேசும்போதே உரைபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில் ஒரு தொலைபேசிக்குள் பேசட்டும், வேண்டியவர்கள் காதில் வைத்துக் கேட்கட்டும் என்பது ஃபைலீனின் யோசனை. கோர்டன் ஃபின்லே என்ற மின்பொறியியலாளர் அதற்குக் கருவி செய்தார். தோமஸ் வாட்சனின் ஐ.பி.எம். நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. குரல் வெளியே சிதறாமல் வாயை மூடிப் பிடிக்கும் ஒரு குவளையோடு வந்த அதன் பெயர் ஹஷ்ஃபோன். 1927இல் ஜெனீவாவில் நடந்த சர்வதேச தொழிலாளர் மாநாட்டில் அது பயன்படுத்தப்பட்டது.

அந்த மாநாட்டை நடத்தும் சர்வதேச தொழிலாளர் அமைப்புதான் 1958இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே 110ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றியது. இலங்கை அதை 1995இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தலவாக்கலையில் கொழுந்து பறிக்கும் ஒருவருடைய வேலை நிலைமையைப் பற்றி உலகம் பேசிய சபையும், இந்தக் கருவி முதலில் சூடு பிடித்த சபையும் ஒன்றே.

1927இன் அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கேட்பவருக்குக் காதுக்கருவி இருந்தது. உரைபெயர்ப்பாளர் சபைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். பல நேரங்களில் பேச்சின் எழுத்துப் பிரதி முன்கூட்டியே கிடைத்து, மொழிபெயர்க்கப்பட்டு, பேச்சாளர் பேசும் வேகத்துக்கு ஏற்ப வாசிக்கப்பட்டது. அடுத்த வருடம் மொஸ்கோவில் நடந்த கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஆறாவது மாநாட்டில் உரைபெயர்ப்பாளர்கள் மேடைக்கு முன்னால் நாற்காலிகளில் அமர்ந்து, கழுத்தில் தாங்கி மாட்டி, அதில் பொருத்திய மைக்கில் பேசினார்கள். அவர்கள் காதில் எதுவும் இல்லை. மேடைக் குரல் நேராக வந்து விழுந்தால் உண்டு. ஃபைலீன் தீர்த்தது நேரத்தின் பிரச்சினை. அதை அவர் நன்றாகவே தீர்த்தார். கையிலுள்ள தாளை வாசிப்பவருக்கு நல்ல காது அவ்வளவாகத் தேவைப்படாது. அதனால் அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

நியூரம்பெர்க்கில் நடந்தது

1945 நவம்பர் 20ஆம் திகதி நியூரம்பெர்க் நகரில் நாசித் தலைவர்கள் மீதான விசாரணை தொடங்கியது. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜேர்மன் என்று நான்கு மொழிகள். ஒவ்வொரு கேள்வியையும் ஒவ்வொரு பதிலையும் மூன்று முறை திருப்பிச் சொல்லியிருந்தால் விசாரணை வருடக்கணக்கில் இழுத்திருக்கும். லியோன் டொஸ்டெர்ட் என்ற கேணல் உடனடி உரைபெயர்ப்புக்குப் பொறுப்பேற்றார். ஐ.பி.எம். தன் கருவிகளை இலவசமாகக் கொடுத்தது. ஐந்து செனல்கள்: முதலாவதில் பேசுபவரின் சொந்தக் குரல், மற்ற நான்கில் நான்கு மொழிகள். இன்றும் உலகெங்கும் முதல் செனல் மேடைக் குரலுக்கு ஒதுக்கப்படுவதை நியூரம்பெர்க்கிலேயே காணலாம்.

கருவி ஏறக்குறைய பழையது. ஆனால் வேலை முற்றிலும் புதியது. குறுக்கு விசாரணையில் சாட்சி என்ன சொல்வார் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. பாதி வாக்கியத்தில் நிறுத்துவார், சத்தத்தைத் தாழ்த்துவார், கேள்விக்கு வேறு பதில் சொல்வார். உரைபெயர்ப்பாளர் அதைக் கேட்டுக்கொண்டே, கேட்டதை இன்னொரு மொழியில் பேசிக்கொண்டே, தன் குரலைத் தாண்டி அடுத்த வாக்கியத்தையும் பிடிக்க வேண்டும். அதுவரை வாயாக மட்டும் இருந்தவர் அன்றிலிருந்து காதாகவும் இருக்க வேண்டியதாயிற்று. இந்தத் தொழில்நுட்பத்தின் திருப்புமுனை எது என்று கேட்டால் 1927ஐ விட இதைத்தான் சொல்லவேண்டும். ஏனென்றால் அன்று முதல், கேட்பவர் காதில் வருவது உரைபெயர்ப்பாளர் காதில் விழுந்ததைவிட ஒருபோதும் நன்றாக இருக்க முடியாது.

டொஸ்டெர்ட் குழு அதைப் புரிந்துகொண்டதன் அடையாளம் அவர்கள் செய்த ஏற்பாடுகளில் இருக்கிறது. மொழிக்கு மூவர் வீதம் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் இருக்கையில் இருந்தார்கள். இப்படி மூன்று அணிகள். இரண்டு அணிகள் 85 நிமிடத்துக்கொரு முறை மாறின, மூன்றாவது அணிக்கு அன்று ஓய்வு. மாற்று அணி பக்கத்து அறையில் ஹெட்ஃபோனில் விசாரணையைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். அப்போதுதான் உள்ளே வரும்போது எந்தச் சாட்சி, எந்த ஆவணம் என்று தடுமாறாது. கண்காணிப்பாளரின் கையில் இரண்டு விளக்குகள் இருந்தன. மஞ்சள் எரிந்தால் பேசுபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். நிமிடத்துக்கு 60 சொற்கள் என்பது கேட்டுக்கொள்ளப்பட்ட வேகம். நீதிபதியானாலும் விளக்கு விளக்குத்தான்.

குறையும் இருந்தது. உரைபெயர்ப்பாளர்களுக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு இருந்தது, மேற்புறம் திறந்தே கிடந்தது. பக்கத்து மொழியின் குரல் மேலால் வந்து விழும். ஹெட்ஃபோனும் கனமானது. விசாரணையில் சாதித்ததை அவர்கள் இந்த இரைச்சலுக்குள்தான் சாதித்தார்கள்.

1947இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உடனடி உரைபெயர்ப்பை நிரந்தர ஏற்பாடாக்கியது. 1953இல் மாநாட்டு உரைபெயர்ப்பாளர்களின் சர்வதேச சங்கம் பிறந்தது. மூடிய கூண்டு, கூரை, காற்று, பார்வை என்று கேட்டு நின்றவர்கள் அவர்களே. சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தரநிலைகளில், நிரந்தர பூத்துக்கான ஐ.எஸ்.ஓ. 2603 1974இலும், கழற்றிப் பூட்டும் பூத்துக்கான ஐ.எஸ்.ஓ. 4043 1981இலும் வந்தன. ஹஷ்ஃபோனுக்கும் இவற்றுக்கும் இடையில் ஐம்பது வருடம்.

பெயர் மாறும் பெட்டிகள்

ஐ.பி.எம். கணினிப் பக்கம் போய்விட, இந்தத் துறை ஐரோப்பிய நிறுவனங்களின் கைக்கு வந்தது. நெதர்லாந்தின் பிலிப்ஸ், பெல்ஜியத்தில் 1946இல் தொடங்கிய டெலிவிக், ஜேர்மனியின் ப்ரேலர். அவர்கள் தங்கள் புத்தியைப் பெரும்பாலும் செலவிட்டது குரலைக் கேட்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியில். முதலில் ஒவ்வொரு கதிரைக்கும் வயர். பிறகு மண்டபத்தைச் சுற்றி ஒரு வயர் வளையம் போட்டு, அதன் காந்தப் புலத்தை ரிசீவர் பிடிப்பது. அது சுவரைத் தாண்டிப் பக்கத்து அறைக்கும் போனது. 1970களில் அகச்சிவப்பு ஒளி வந்தது. ஒளி சுவரைத் தாண்டாது, உள்ளே பேசுவது உள்ளேயே நிற்கும். ஆனால் புதிய வகை டியூப் லைட்டுகளின் மின்சுற்று உண்டாக்கும் துடிப்பு பழைய அலைவரிசைகளில் கரகரத்தது. அதனால் 2 முதல் 6 மெகாஹேர்ட்ஸ் வரையான இடத்துக்கு மேலேறி, டிஜிட்டல் முறைக்கு மாறினார்கள். அதற்கான, மின்சாதனங்களுக்குத் தரநிலை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐ.ஈ.சி.யின் 61603-7 தரநிலை 2003இல் வெளியானது.

2002இல் பிலிப்ஸின் இந்தப் பிரிவை ஜேர்மனியின் போஷ் வாங்கியது. அவர்களுடைய இண்டெக்ரஸ் தொகுதி 32 செனல் வரை கொண்டுபோகும். அதன் ரிசீவர் இரண்டு சிறிய அல்கலைன் பெட்டரியில் 200 மணி நேரம் ஓடும், சார்ஜ் பண்ணும் பெட்டரியில் 75 மணி நேரம். 2024 டிசம்பரில் போஷும் இந்த வியாபாரத்தை ட்ரைட்டன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. ஒரே தொழில்நுட்பம் மூன்று உரிமையாளரைக் கண்டுவிட்டது. நம் ஊரில் ஒரு சபையோ சங்கமோ சொந்தமாக வாங்க நினைத்தால் மேலேயுள்ள பெயரைவிட உள்ளேயிருக்கும் தரநிலையைக் கேட்க வேண்டும். 61603-7 என்றால் நிறுவனம் கைமாறினாலும் இன்னொருவரின் ரிசீவரையோ பேனலையோ சேர்த்து ஓட்ட வழியிருக்கும்.

கேட்பவர் பக்கம் இத்தனை மாற்றம் நடந்த பிறகு, உரைபெயர்ப்பாளருக்கு வந்து சேரும் ஒலியையும் படத்தையுமே தனிப்பொருளாக எடுத்துக்கொண்ட ஐ.எஸ்.ஓ. 20108 வந்தது 2017இல்தான். 125 முதல் 15,000 ஹேர்ட்ஸ் வரை குறையாமல் வரவேண்டும் என்பது அதன் மையம். அதற்கு முந்திய வருடம் வந்த 20109 திடீர் ஓசையிலிருந்து காதைக் காக்க 94 டெசிபலை எல்லையாக வைத்தது. மூன்று வருடத்தில் கொவிட் வந்து எல்லாரும் இணையத்துக்குப் போனபோது, நசுக்கப்பட்ட ஒலியை நாள் முழுக்கக் கேட்ட உரைபெயர்ப்பாளர்கள் பல நாடுகளில் காது இரைச்சலும் தலைவலியும் என்று முறையிட்டார்கள். தரநிலை எழுதப்பட்டு மை காய்வதற்குள் அது மறுபடி பின்வரிசைக்குப் போனது.

ஏழு பேர்ச்சா, எட்டு பேர்ச்சா

பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரைதான் கொண்டுபோகும். பேச்சு விளங்குமே, பிறகென்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சும்மா கேட்பவருக்கு விளங்கும். விட்டுப்போன ஒலியை நம் மூளை சூழலை வைத்து நிரப்பிக்கொள்ளும். கேட்டுக்கொண்டே பேசுபவரின் மூளைக்கு அந்த மிச்ச நேரம் இல்லை. எண்களில் சூழலும் உதவாது. சிங்களத்தில் ஏழுக்கு ‘ஹத’, எட்டுக்கு ‘அட’. இரண்டுக்கும் இடையில் இருப்பது காற்றாக வரும் ஒரு ஹகரமும், நாக்கு பல்லைத் தொடுகிறதா அண்ணத்தைத் தொடுகிறதா என்ற சின்ன வித்தியாசமும். இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி ஒலியின் மேல் அதிர்வெண்களில்தான் கிடக்கிறது. மண்டபத்தின் பின்மூலையில், ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வந்து சுவரில் மோதித் திரும்பிய குரலில் முதலில் அழிவது அதுதான். தனி வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் என்று அதிகாரி சொன்னதை எட்டு என்று அறுபது பேர் காதில் போட்டால், அந்த ஒரு பேர்ச்சுக்கான சண்டை கூட்டம் முடிந்த பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நடக்கும்.

ஆகவே எந்த மண்டபமானாலும் முதல் வேலை, எல்லா மைக்கின் ஒலியும் வந்து சேரும் மிக்சரிலிருந்து உரைபெயர்ப்பாளருக்கு நேரடி வயர். ஒலியைத் தனியாக வெளியே அனுப்பும் ஒக்ஸ் என்ற வழியை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்னாலிருந்து எடுக்கவேண்டும். ஃபேடருக்குப் பின்னாலிருந்து எடுத்தால், மைக் கூவுகிறதென்று சவுண்ட்காரர் மண்டபத்தின் சத்தத்தைக் குறைக்கும்போது உரைபெயர்ப்பாளருக்கும் சேர்ந்து குறைந்துவிடும். அவர் தன் பக்கத்தில் கூட்டுவார், இரைச்சலும் கூடும். மிக்சரும் டிரான்ஸ்மிட்டரும் வேறு வேறு ப்ளக்கில் குத்தப்பட்டிருந்தால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் ‘ம்ம்ம்’ என்று வரும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டுப் பார்க்க வேண்டும், போகாவிட்டால் நடுவில் ஒரு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபோமர் வைக்கவேண்டும். கூட்டத்துக்கு முன் மைக்கைத் தட்டுவதும் ஊதுவதும் கட்டாயம் நிற்க வேண்டும். ஸ்பீக்கரில் ‘டொக்’ என்று கேட்பது ஹெட்ஃபோனில் அறை விழுந்த மாதிரி இறங்கும்.

இரண்டாவது, சபைக்குள் சுற்றும் மைக். மேடையில் இருப்பவருக்கு எப்போதும் மைக் உண்டு. பின்வரிசையில் எழுந்து நிற்கும் அம்மாவுக்கு இல்லை. அவர் வாய்விட்டுச் சொல்வது பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்கும், பூத்துக்குக் கேட்காது, அதனால் சிங்களம் மட்டும் தெரிந்த அதிகாரிக்கும் போகாது. அறுபது பேருக்கு இரண்டு கைமைக்கும் அதைக் கொண்டோட இரண்டு பிள்ளைகளும் இருந்தால், பூத்துக்குச் செலவழித்ததில் பாதிப் பயன் அப்போதுதான் கைக்கு வரும். மைக் கைக்கு வரும்வரை பேசவேண்டாமென்று தலைவர் ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டும்.

தகரக் கூரையும் சுவெட்டரும்

மலையகத்தின் கூட்டம் ஹோட்டல் மண்டபத்தில் நடப்பது குறைவு. தோட்டத்துக் கலாசார மண்டபம், கோயில் மண்டபம், பாடசாலை, கூட்டுறவு மண்டபம். பெரும்பாலும் தகரக் கூரை, கீழே சீலிங் இல்லை. ஹட்டன் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை பகல் மழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. தகரத்தில் மழை விழுந்தால் ஸ்பீக்கரைக் கூட்டுவார்கள், மைக் கூவும், கூட்டம் நிற்கும். இந்த இடத்தில் அகச்சிவப்பு ரிசீவர் சிங்களம் தெரியாதவருக்கு மட்டும் உரிய சாதனமாக இருக்க வேண்டியதில்லை. முதல் செனலில் மேடைக் குரலைக் கொடுத்து, எல்லாருக்கும் ரிசீவர் கொடுத்தால், மழைக்குள்ளும் தமிழ்ப் பேச்சைத் தமிழர் கேட்கலாம். அதற்கு மைக் வாயிலிருந்து ஒரு கைமுட்டி தூரத்துக்குள் இருக்கவேண்டும். சாதாரண டைனமிக் மைக் போதும். தூரத்திலிருந்து இழுக்கும் கண்டென்சர் மைக் மழையையும் சேர்த்து இழுக்கும்.

குளிர் இன்னொரு விதமாகக் குழப்பும். அகச்சிவப்பு என்பது ஒளி, அது துணியைத் தாண்டாது. ரிசீவரை வாங்கியவர் அதை சுவெட்டருக்கு உள்ளேயோ சால்வைக்கு அடியிலோ வைத்துக்கொண்டு, கேட்கவில்லை என்று கையைத் தூக்குவார். கழுத்தில் வெளியே தொங்கவிடச் சொல்லி, கொடுக்கும்போதே மாட்டிவிட வேண்டும். வெயில் நேராக விழும் ஜன்னலோரத்திலும் தூரம் குறையும், திரை வேண்டும். பேனல் இரண்டு இருந்தால் இன்னொரு சங்கதி. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வயர் நீளும்போது மீற்றருக்கு ஐந்தரை நானோசெக்கன் அளவு தாமதம் சேரும். இரண்டின் ஒளியும் கலக்கும் இடத்தில் சில கதிரைகளில் சத்தம் செத்துவிடும். அதற்குத்தான் பேனலின் பின்னால் தாமதம் திருப்பும் குமிழ் இருக்கிறது. ஒரு படிக்கு 33 நானோசெக்கன். டிரான்ஸ்மிட்டரை இரண்டு பேனலுக்கும் நடுவில் வைத்து, இருபுறமும் ஒரே நீள வயர் போட்டால் அந்தக் கணக்கே வேண்டாம்.

பூத்துக்கு வருவோம். இருவருக்கான கழற்றிப் பூட்டும் பூத் ஐ.எஸ்.ஓ. 4043 படி 1.6 மீற்றர் அகலம், 1.6 ஆழம், 2 மீற்றர் உயரம். பலகைகளாகப் பிரித்து வேனில் ஏற்றலாம், தோட்டத்து மண்டபத்தின் வாசலில் நுழையும். வைக்கும் இடத்திலிருந்து பேசுபவரின் முகமும் திரையும் தெரியவேண்டும். ஸ்பீக்கர் பெட்டி, ஜெனரேட்டர், தேநீர் மேசை ஆகிய மூன்றிலிருந்தும் தள்ளி இருக்கவேண்டும். குளிராகத்தானே இருக்கிறது என்று காற்றாடியை நிறுத்திவிடுவது நம் பக்கத்தில் நடக்கும் தவறு. காற்றாடி குளிருக்காக அங்கே இல்லை. மூடிய கூண்டில் இருவர் மூச்சுவிட்டுப் பேசினால் காபனீரொட்சைட்டு ஏறும், 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது தரநிலை. தாண்டினால் கண் சொக்கும், சொல் தட்டும்.

பூத் இல்லாமல் என்ன நடக்கிறது? உரைபெயர்ப்பாளர் சபைக்குள் உட்கார்ந்து பேசினால் பக்கத்துக் கதிரைக்காரர் திரும்பிப் பார்ப்பார். உடனே அவர் குரலைத் தாழ்த்துவார். தாழ்ந்த குரலில் உணர்ச்சி போய்விடும், மெய்யெழுத்துக்கள் மழுங்கும். மண்டபத்து இரைச்சலை வெல்ல ஹெட்ஃபோனைக் கூட்டுவார், அரை மணி நேரத்தில் காது மரத்துவிடும். ஒருவரே இருந்தால் அதற்குப் பிறகு வாக்கியங்கள் விடுபடும். விடுபடுவது அவருக்கே தெரியாது என்பதுதான் ஆபத்து. முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை இருவர் மாறவேண்டும் என்பது சொகுசுக்காக வந்த விதியல்ல. நியூரம்பெர்க்கில் 85 நிமிடம் தாங்கினார்கள் என்றால், அங்கே ஒரு மொழிக்கு மூவர் பக்கத்தில் இருந்தார்கள், மூன்றாவது அணி வீட்டில் தூங்கியது.

டூர் கைட் செட் என்று சந்தையில் கிடைக்கும் கையடக்க ரேடியோக் கருவி பூத்துக்கு மாற்றாகச் சொல்லப்படுகிறது. மண்சரிவு அபாயமுள்ள லயங்களை நடந்து பார்க்கும்போதும், தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சலுக்குள்ளும் அது அருமையான சாதனம். மண்டபத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் 1928இன் மொஸ்கோ ஏற்பாடுதான் திரும்பி வருகிறது: வாய்க்கு மைக் இருக்கும், காதுக்கு ஒன்றும் இருக்காது. காசு போதவில்லை என்றால் மேசைமேல் வைக்கும் மூன்று பக்கத் தடுப்பும், நேரடி வயரும், இரண்டு உரைபெயர்ப்பாளரும் வைத்துக்கொண்டு, ரிசீவரைக் குறைத்துவிடலாம். இரு மொழியும் தெரிந்தவருக்கு ரிசீவர் வேண்டியதில்லை.

சிங்களம் தமிழ் இரண்டிலும் வினைச்சொல் கடைசியில் வரும். ஜேர்மன் வாக்கியத்தின் முடிவுக்காகக் காத்திருந்து ஆங்கிலமாக்கியவர்களின் தவிப்பு இங்கே இல்லை. நல்ல உரைபெயர்ப்பாளர் இரண்டு மூன்று சொல் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகலாம். நன்கொடை நிறுவனத்துக்காக நடுவில் ஆங்கிலத்தை வைத்து, தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து சிங்களம் என்று சுற்றினால் இந்த வசதி வீணாகும், முதல் ஆளின் பிழை இரண்டாவது ஆளிடம் உண்மையாகிவிடும். சிங்களம்–தமிழ் நேராக ஒரு பூத், ஆங்கிலத்துக்கு வேண்டுமானால் தனியாக இன்னொரு பூத். ஒரே பூத் இரு பக்கமும் பேசும்போது மேசைக் கருவியில் வெளிச்செனலை மாற்ற மறப்பது அடிக்கடி நடக்கும். தமிழ் சிங்களச் செனலில் போகும். டெக்னீஷியன் ஒரு ரிசீவரைத் தன் காதிலிருந்து கழற்றாமல் இருந்தால் அடுத்த வாக்கியத்துக்குள் பிடித்துவிடலாம். உரைபெயர்ப்பாளருக்கு இரண்டு நாள் முன்னதாகவே நிகழ்ச்சி நிரல், சுற்றறிக்கை, எண்கள் உள்ள தாள் எல்லாம் போகவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருபவர் என்றால் பெரட்டு, செக்ரோல், கைக்காசு, அரைப்பேர், கவ்வாத்து என்று தோட்டத்து வழக்குச் சொற்களின் ஒரு பக்கப் பட்டியலும் கூடவே.

சபைகளுக்கு

பாராளுமன்றத்தில் நம் உறுப்பினர் தமிழில் எழுந்து பேசினால் மற்றவர்கள் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை அதே உரிமையை மாகாண சபைக்கும் உள்ளூராட்சி சபைக்கும் கொடுத்திருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளும் பதுளை மாவட்டத்தின் பல பிரிவுகளும் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் பிரகடனம் செய்யப்பட்டன. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் 2018இல் ஆறாகப் பிரிந்து, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகள் வந்தன. சட்டம் இருக்கிறது, சபை இருக்கிறது. அதிகாரி சிங்களத்தில் கால் மணி நேரம் விளக்கியதை யாரோ ஒருவர் எழுந்து தமிழில் நாலு வரியில் சொல்லி முடிக்கும் பழக்கத்தை அந்த உரிமையின் நிறைவேற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு பிரதேச சபைக்கு வேண்டியது பெரிய பட்டியல் அல்ல. உறுப்பினர் மேசைகளில், ஒரு நேரத்தில் ஒன்றுமட்டும் திறக்கும் வயர் மைக்குகள். சபா மண்டபத்தின் பின்சுவரில் 2.5 மீற்றர் அகலமும் 2.4 ஆழமும் 2.3 உயரமும் கொண்ட நிரந்தர அறை, முழு அகலத்துக்கும் கண்ணாடி, சத்தமில்லாத காற்றோட்டம். இரட்டை உரைபெயர்ப்பாளர் மேசை. ஒரு டிரான்ஸ்மிட்டர், அந்த அளவு மண்டபத்துக்குப் பேனல் ஒன்றோ இரண்டோ. உறுப்பினருக்கும் அதிகாரிகளுக்கும் பார்வையாளருக்கும் சேர்த்து ரிசீவர், அதற்குமேல் பத்தில் ஒரு பங்கு உபரி. மிக்சர், டிரான்ஸ்மிட்டர், பேனல் மூன்றையும் கரண்ட் போனாலும் கால் மணி நேரம் தாங்கும் ஒரு யு.பி.எஸ். சபைச் செயலாளரின் முன்னால் மஞ்சள், சிவப்பு இரண்டு விளக்குகள். வரவு செலவுத் திட்டத்தை ஓட்டமாக வாசிக்கும் தலைவருக்கு இவை மிகவும் தேவைப்படும்.

இதில் முதலில் வாங்க வேண்டியது மைக்குகளும் அறையும். ரிசீவர்களை முதல் வருடம் வாடகைக்கு எடுக்கலாம், அறையை ஒவ்வொரு மாதமும் வாடகைக்கு எடுக்க முடியாது. வாங்கிய பின் கருவியைக் கொல்வது பெரும்பாலும் ஈரம். கூட்டம் முடிந்ததும் ரிசீவர்களை மூடிய பெட்டியில் சிலிக்கா பையோடு வைத்து, சார்ஜ் பண்ண முடியாத அல்கலைன் பெட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். மூடுபனிக் காலத்தில் இரண்டு மாதம் சும்மா கிடந்தால் பெட்டரி முனையில் பச்சை பூத்துவிடும். அடுத்த கூட்டத்துக்கு முந்திய நாள் எல்லா ரிசீவரையும் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்ப்பது யாருடைய வேலை என்று ஒருவரின் பெயரைச் சொல்லித் தீர்மானம் எழுதவேண்டும். அந்த ஆள் பார்க்க வேண்டிய முதல் ஹெட்ஃபோன் பூத்துக்குள் இருக்கிறது.